மனித உயிரியல் அறிமுகம்: 6 வாரக் கோடை வகுப்பா, 15 வாரப் பருவமா?

விடுமுறை நெருங்கும்போது முதலாண்டு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: “அறிமுக மனித உயிரியலைக் கோடை வகுப்பிலேயே முடித்துவிடலாமா?” முடித்துவிடலாம். ஆனால் ‘முடித்துவிடலாமா’ என்ற அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கும். செவிலியர் படிப்புக்கோ இயன்முறை மருத்துவத்துக்கோ உணவியலுக்கோ போகவிருப்பவருக்கு இது முடிந்துபோகிற பாடம் அல்ல. அடுத்த வகுப்பின் முதல் நாளிலேயே இது தேவைப்படும்.

ஒரே பாடத்திட்டத்தை இரண்டு வடிவத்திலும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதே புத்தகம், அதே ஆய்வகம், ஏறக்குறைய அதே வினாத்தாள். யார் அதிகம் கற்றார்கள் என்பதில் பெரிய வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. எது மனத்தில் தங்கியது என்பதில்தான் வேறுபாடு. கோடையில் படித்தவர்களுக்கு உறுப்புகளுக்கு இடையிலான தொடர்பு தங்குகிறது, பெயர்கள் உதிர்ந்துவிடுகின்றன. பருவத்தில் படித்தவர்களுக்குப் பெயர்கள் தங்குகின்றன, தொடர்பு கைநழுவிப் போகிறது. எந்த வகுப்பில் சேர்வது என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பேன். ஆனால் பெரும்பாலோர் அட்டவணையில் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள்.

முதலில் மணிக்கணக்கைப் பார்த்துவிடுவோம். வாரத்திற்கு 3 மணி நேர விரிவுரையும் 3 மணி நேர ஆய்வகமும் கொண்ட ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வாரத்தில் மொத்தம் 90 மணி நேரம். ஒவ்வொரு மணி நேர விரிவுரைக்கும் வீட்டில் 2 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு, ஆக அதற்கும் ஒரு 90 மணி நேரம். பருவத்தில் இது வாரம் 12 மணி நேரமாகப் பரவிக்கிடக்கும். இதையே 6 வாரத்தில் அடைத்தால் வாரத்திற்கு 15 மணி நேரம் வகுப்பறையிலும் 15 மணி நேரம் வீட்டிலும் ஆகிறது. வாரம் 30 மணி நேரம் என்பது ஒரு வேலைக்குப் போவதற்குச் சமம்.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது, அதைச் சேர்ந்த பிறகே பலர் கவனிக்கிறார்கள். வாரத்தில் 4 நாள் வகுப்பு என்றால் மொத்தமே 24 நாட்கள்தான். காய்ச்சலில் 3 நாள் படுத்தால் பாடத்தின் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. பருவத்தில் ஒரு வாரம் முழுவதும் வராமல் இருந்தால்கூட இழப்பு பதினைந்தில் ஒரு பங்குதான், அதை ஈடுகட்டப் பின்னால் வாரங்கள் இருக்கின்றன. கோடையில் ஈடுகட்டும் நாள் என்று ஒன்று கிடையாது. நேற்று விட்டதைப் படிக்க உட்கார்ந்தால் இன்றைய பாடம் கடந்துபோயிருக்கும். பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசித் தேதியும் கோடையில் மிக விரைவிலேயே வந்துவிடும். முதல் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தவர்கள், அதற்குள் தேதி தாண்டிவிட்டதைக் கண்டு திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் கோடை வகுப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதில் நிகழும் ஒரு நன்மை பருவத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

மூச்சைச் சற்று நேரம் அடக்கிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு மூச்சு விட்டே ஆக வேண்டும் என்ற தவிப்பு எழும். ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் அப்படி ஆகிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தவிப்பை எழுப்புவது முதன்மையாக இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அது நீருடன் கலந்து கார்பானிக் அமிலமாகிறது, இரத்தம் இம்மியளவு அமிலத்தன்மை அடைகிறது, மூளையின் முகுளம் அதை உணர்ந்து மூச்சை விரட்டுகிறது. அமிலத்தன்மையைக் காட்டும் இரத்தத்தின் பி.ஹெச். மதிப்பு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும், அவ்வளவு குறுகிய வரம்பு அது. நுரையீரல் சில நிமிடங்களில் அதைச் சரிக்கட்டுகிறது. சிறுநீரகம், அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட்டைத் தேக்கியோ வெளியேற்றியோ அதே வேலையைச் செய்கிறது, ஆனால் அதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் நேரம் பிடிக்கும். இதயம், இரத்தம், நுரையீரல், சிறுநீரகம் என்று புத்தகத்தில் நான்கு அத்தியாயங்கள். உடலில் அவை ஒரே கதை.

என் பருவ வகுப்பில் இதயம் ஏழாவது வாரத்தில் வரும், நுரையீரல் ஒன்பதாவதில், சிறுநீரகம் பன்னிரண்டாவதில். இடையில் ஒரு தேர்வும் சில விடுமுறைகளும் வந்துபோகும். கோடையிலோ இவை நான்கும் ஒரே வாரத்திற்குள் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரண்டு வகுப்பிலும் நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: சிறுநீரகம் மோசமாகப் பழுதடைந்த ஒருவர் ஏன் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுகிறார்? பருவ மாணவர்கள் சிறுநீரக அத்தியாயத்தைப் புரட்டித் தேடுவார்கள், விடை அங்கே இருக்காது. கோடை மாணவர்களில் யாராவது ஒருவர், சில நேரம் மூன்று நான்கு பேர், உடனே சொல்லிவிடுவார்கள்: சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத அமிலத்தை நுரையீரல் ஈடுகட்டப் பார்க்கிறது. அவர்களுக்கு நுரையீரல் முந்தாநாள் பாடம். அதனால்தான் தெரிகிறது, வேறு காரணம் இல்லை. அந்தக் கணத்தில் அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே கோடையில் வகுப்பெடுக்க நான் சம்மதிக்கிறேன்.

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். இரண்டு கைகளின் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 54, இரண்டு பாதங்களில் 52, ஆக உடலின் எலும்புகளில் பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலும்தான் இருக்கின்றன. மணிக்கட்டில் மட்டும் 8 சிறு எலும்புகள். ஸ்கேஃபாய்டு, லூனேட் என்று தொடங்கும் அந்தப் பெயர்களை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை. மூளையிலிருந்து கிளம்பும் 12 இணை நரம்புகளும் அப்படியே. கோடை வகுப்பில் எலும்புகளுக்குக் கிடைப்பது இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று. மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அதே மாணவர்கள் அடுத்த பருவத்தில் உடற்கூறியல் வகுப்புக்கு வரும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கும் இரண்டு எலும்புகளில் ரேடியஸ் எது, அல்னா எது என்று தடுமாறுகிறார்கள்.

இது சோம்பேறித்தனம் அல்ல, நினைவு இயங்கும் விதம். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறந்தோம் என்று தன்னையே அளந்து, 1885இல் வெளியிட்டார். மறதி முதலில் செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெல்லச் சமனாகிறது. ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட நாட்களுக்கிடையில் பகிர்ந்து படிப்பது பலன் தருகிறது என்பதையும் அவர் அப்போதே கண்டார். பருவ வகுப்பு இந்தப் பகிர்வைக் கேட்காமலே தருகிறது. நான்காவது வாரத்தில் ரேடியஸ் என்ற எலும்பைப் படிக்கிறோம். அடுத்த வாரம் அதில் ஒட்டும் தசை வருகிறது. மேலும் சில வாரம் கழித்து அதே பெயரில் ஒரு தமனி வருகிறது, நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலுக்கு அடியில் துடிப்பது அதுதான். மறக்கத் தொடங்கும் நேரத்தில் பெயர் மறுபடி வந்து கதவைத் தட்டுகிறது. கோடையிலும் இவையெல்லாம் திரும்ப வரத்தான் செய்கின்றன, ஆனால் மறப்பதற்கே இடமில்லாத நெருக்கத்தில் வருகின்றன. மறக்கத் தொடங்கியதை முயன்று மீட்டெடுப்பதில்தான் நினைவு உறுதிப்படுகிறது, அந்த முயற்சிக்கு அங்கே வாய்ப்பே இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்தும் கோடைக்கு உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களிடம் உரைப்பகுதிகளைக் கொடுத்து, சிலரைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்தார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதச் செய்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முன்னிலையில் இருந்தார்கள். தேர்வு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு வெறும் வாசிப்பு நம்மை ஏமாற்றும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கோடையில் தேர்வு எப்போதும் அருகில்தான் இருக்கிறது. முந்தைய இரவு மஞ்சள் மையால் கோடிட்டுக் கோடிட்டு வாசித்தவர் மறுநாள் காலை நன்றாகவே எழுதிவிடுவார், தன் படிக்கும் முறை சரிதான் என்று நம்பியும்விடுவார். அந்தத் தவறான நம்பிக்கையோடு அடுத்த பாடத்திற்குப் போகிறாரே என்பதுதான் என் கவலை, மதிப்பெண் அல்ல.

தொடர்பு கோடையில் நன்றாகத் தெரியும் என்றேன், அதற்கு ஒரு விலக்கு உண்டு. சில பொறிமுறைகள் முதல் வாசிப்பில் யாருக்கும் பிடிபடுவதில்லை. நரம்புத் தூண்டல் அவற்றில் ஒன்று. நரம்புச் செல்லின் உட்புறம் மின்னழுத்தத்தில் வெளிப்புறத்தை விட 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கிறது, சோடியம் பாய்ந்ததும் அது +30 வரை எகிறுகிறது, பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இன்னொன்று சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், நாளொன்றுக்கு அவை வடிகட்டுவது சுமார் 180 லிட்டர், வெளியேறுவது 1 அல்லது 2 லிட்டர். மீதி எங்கே போயிற்று, எந்த இடத்தில், எதன் இழுப்பால் திரும்ப உறிஞ்சப்பட்டது என்பதை ஒரே மாலையில் விளங்கிக்கொள்ள முடிவதில்லை. இன்று படித்து, தூங்கி எழுந்து, நாளை படம் வரைந்து, அடுத்த வாரம் ஒரு நண்பருக்கு விளக்க முயன்று தோற்று, அப்புறம்தான் அது நம்முடையதாகிறது. போதாக்குறைக்கு நான் நடத்தும் கோடை வகுப்பில் சிறுநீரகம் வரும் நேரத்தில் எல்லோரும் களைத்துப்போயிருப்பார்கள். கோடையில் சேர்பவர்களிடம் இந்த இரண்டு பாடங்களை மட்டும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறேன். புரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாவது சந்திப்பு எளிதாக இருக்கும்.

மூன்றாவது வழி, வீட்டிலிருந்தே படிக்கும் இணையவழிக் கோடை வகுப்பு. விரிவுரையைப் பொறுத்தவரை இதில் குறையொன்றும் இல்லை, நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம் என்பது பெரிய வசதி. சிக்கல் ஆய்வகத்தில்தான். ஆட்டு இதயத்தை அறுத்து, இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழறை) சுவரையும் வலதின் சுவரையும் விரல்களுக்கிடையில் பிடித்துப் பார்த்தவருக்கு இடது பக்கம்தான் உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமன், விரலே சொல்லிவிடும். திரையில் அதே இதயத்தைச் சுழற்றிப் பார்க்கலாம், ஆனால் தடிமன் என்பது அங்கே ஓர் எண் மட்டுமே. நுண்ணோக்கியும் அப்படித்தான். மங்கலாகத் தெரிகிற ஒன்றை மெல்லத் திருகித் தெளிவாக்கும் பொறுமை படத்தொகுப்பைப் பார்ப்பதால் வராது. இதற்கு மேல் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது: சில தொழிற்படிப்புகள் நேரடி ஆய்வகம் இல்லாத உயிரியல் பாடத்தை ஏற்பதில்லை. அடுத்துச் சேரவிருக்கும் படிப்பு இதை ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் இணையவழியில் சேர வேண்டாம். அறிமுக மனித உயிரியலுக்குப் பதிலாக முழு உடற்கூறியல் பாடத்தையே கேட்கும் படிப்புகளும் உண்டு, அதையும் அப்போதே விசாரித்துவிடலாம். அறிவியல் சாராத பட்டத்திற்காக ஒரு பொதுப்பாடம் வேண்டும் என்பவருக்கு இணையவழி போதுமானது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் தொழிலுக்குப் போகிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை: கோடையில் மதிப்பெண் இல்லாமல் சும்மா படிப்பது, பருவத்தில் சேர்வது. வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் குழந்தையையோ முதியவரையோ கவனித்துக்கொள்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாரம் 4 மணி நேரம் போதும். எதைப் படிப்பது என்பதில்தான் சூட்சுமம். பலரும் ஆர்வத்தில் மூளையையும் இதயத்தையும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் இந்தப் பாடத்தில் மாணவர்கள் சறுக்குவது அங்கே அல்ல. முதல் இரண்டு அத்தியாயங்களில் வரும் வேதியியலில் சறுக்குகிறார்கள்: அயனி என்றால் என்ன, பி.ஹெச். என்றால் என்ன, புரதம் ஏன் மடிகிறது, செல்சவ்வு எதை உள்ளே விடும், எதைத் தடுக்கும். செல்சவ்விலுள்ள பம்பு ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று விளங்கியவருக்கு நரம்பும் தசையும் சிறுநீரகமும் பாதி விளங்கிவிட்டது போலத்தான். கூடவே உடலைக் கொண்டே சில கணக்குகள் போட்டுப் பாருங்கள். ஓய்வில் நாடி நிமிடத்திற்கு 70 என்றால், ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் சுமார் 70 மில்லிலிட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர் வரும். உடலில் இருக்கும் மொத்த இரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதயம் தள்ளுவது இவ்வளவு என்றால் அது சுற்றித் திரும்பி வந்தே ஆக வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக வழியில்லை. வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் இரத்தம் சுற்றுகிறது என்பதை நிறுவ இத்தகைய கணக்கைத்தான் போட்டார்.

ஆக, யாருக்கு எது? அந்த 6 வாரத்தில் வேறு பொறுப்பு இல்லாதவர், அடுத்த பருவத்திலேயே உடற்கூறியலோ உடலியங்கியலோ தொடரப்போகிறவர், ஒன்றில் மூழ்கினால் நன்றாகப் படிக்கக்கூடியவர், இவர்களுக்கு நேரடிக் கோடை வகுப்புதான் சிறந்தது என்பேன், பருவத்தைவிடவும் சிறந்தது. இடைவெளியில்லாமல் அடுத்த பாடம் வருவதால் உதிர்கிற பெயர்களை அங்கே மறுபடி பிடித்துக்கொள்ளலாம். இதே பாடத்தைப் படித்துவிட்டு ஓராண்டு கழித்துத்தான் அடுத்த வகுப்பு என்றால் கோடை வேண்டாம், பருவத்திலேயே படியுங்கள். முன்பு ஒருமுறை இந்தப் பாடத்தில் தோற்றவர்கள் ஏன் தோற்றோம் என்று பார்க்க வேண்டும். பல பாடங்களுக்கிடையில் இதற்கு நேரம் ஒதுக்க முடியாமல் போனது காரணம் என்றால் கோடை உதவும், வேதியியல் புரியாதது காரணம் என்றால் கோடை அதே சறுக்கலை இன்னும் வேகமாக்கும். கோடையில் இதோடு இன்னோர் ஆய்வகப் பாடத்தையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் யோசிப்பதே இல்லை, வேண்டாம். வாரம் 60 மணி நேரம் என்பது படிப்பு அல்ல. அப்படிச் சேர்ந்த ஒரு மாணவி, நல்ல திறமைசாலி, நான்காவது வாரத்தில் இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் வகுப்பில் முதல் வரிசையில் வந்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன்.

கோடை வகுப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது, அது இறுதித் தேர்வு முடிந்த பிறகு தொடங்குவது. அடுத்த பருவம் தொடங்க சில வாரங்கள் இருக்கும். அந்த நாட்களில் தினமும் 15 நிமிடம், பெயர் எழுதாத வெற்றுப் படம் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தெரிந்த பெயர்களை எழுதுங்கள். முதல் நாள் பாதிதான் வரும், மனம் தளர வேண்டாம். பிறகு திறந்து பார்த்துத் திருத்தி, இரண்டு நாள் விட்டு மறுபடி எழுதுங்கள், அப்புறம் நான்கு நாள் விட்டு. மணிக்கட்டின் அந்த 8 எலும்புகளிலிருந்து தொடங்கலாம். படம் வேண்டுமென்றுகூட இல்லை, சொந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொல்லலாம்.